படையில் ஊனமுற்ற கணவரை நீலகிரியில் வீட்டிலேயே பராமரிக்கும் பெண்களுக்கு: பணமும் துணையும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூருக்குக் கீழே, தேயிலைத் தோட்டத்தை ஒட்டிய சிறிய வீட்டில் பதினோரு ஆண்டுகளாக என் கணவரைப் பராமரித்து வருகிறேன். வடக்கே ஒரு மலைப்பாதையில் படை லாரி கவிழ்ந்ததில் அவருடைய முதுகுத்தண்டு அடிபட்டது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வெலிங்டன் ராணுவக் கேன்டீன் வரிசையிலும், பாலிகிளினிக் பெஞ்சிலும், பஸ் நிறுத்தத்திலும் என்னைப் போன்ற பெண்கள் கேட்ட கேள்விகளைத்தான் இங்கே தொகுத்திருக்கிறேன். கேட்கக் கூச்சப்பட்டே கிடைக்க வேண்டியதை ஆண்டுக்கணக்கில் இழந்த பெண்களை நேரில் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தம்தான் என்னை எழுத வைத்தது.

எங்கிருந்து தொடங்குவது? யாரைப் பார்க்க வேண்டும்?

மூன்று இடங்கள். ஒவ்வொன்றின் வேலையும் வேறு; ஓரிடத்தில் கேட்க வேண்டியதை இன்னோரிடத்தில் கேட்டுத்தான் நம்மில் பலர் அலைகிறோம்.

முதலாவது, உதகையில் இருக்கும் முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பழைய ஆட்கள் சைனிக் போர்டு என்பார்கள். மாநில அரசின் உதவிகள், கொடிநாள் நிதியிலிருந்து வரும் உதவிகள், டெல்லியில் உள்ள மத்திய சைனிக் வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய விண்ணப்பங்கள் எல்லாம் இதன் வழியாகத்தான் போகும். உங்கள் கணவர் பெயர் அங்கே பதிவாகியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பதிவில்லாமல் எதுவும் நகராது.

இரண்டாவது, அவர் பணியாற்றிய பிரிவின் ரெக்கார்ட்ஸ் அலுவலகம். "வெலிங்டன் பக்கத்தில்தானே இருக்கிறது, அங்கே போனால் முடிந்துவிடும்" என்று நினைக்கிறார்கள். மதராஸ் ரெஜிமெண்ட்காரர்களுக்குத்தான் அது பொருந்தும். பீரங்கிப் படையில் இருந்தவருடைய ஆவணங்கள் நாசிக்கில் இருக்கின்றன, சிக்னல்ஸ் எனப்படும் தகவல் தொடர்புப் பிரிவு என்றால் ஜபல்பூர், ஈ.எம்.ஈ. எனப்படும் மின், இயந்திரப் பொறியாளர் பிரிவு என்றால் செகந்திராபாத்; மதராஸ் சாப்பர்ஸ் என்ற பொறியாளர் படை என்றால் பெங்களூரு. பென்ஷன் ஆணையில் மனைவி பெயர் சேர்ப்பது, பிறந்த தேதியைத் திருத்துவது, மருத்துவ வாரிய அறிக்கையின் நகல் கேட்பது எல்லாம் அந்த அலுவலகத்தின் வேலை. கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

மூன்றாவது, வெலிங்டனில் உள்ள ஈ.சி.எச்.எஸ். பாலிகிளினிக், அதாவது முன்னாள் படைவீரர் மருத்துவத் திட்டத்தின் மருத்துவ நிலையம். மருத்துவம் முழுவதும் இதன் வழியாக.

என்னென்ன காகிதங்கள் கையில் இருக்க வேண்டும்?

டிஸ்சார்ஜ் புத்தகம், பி.பி.ஓ. எனப்படும் பென்ஷன் ஆணை (பின்னால் வந்த திருத்த ஆணைகள் அனைத்தும் சேர்த்து), மருத்துவ வாரிய அறிக்கை, முன்னாள் படைவீரர் அடையாள அட்டை, ஈ.சி.எச்.எஸ். அட்டை, இருவர் ஆதாரும் பான் அட்டையும், திருமணச் சான்று, வங்கிப் புத்தகம். இவற்றில் மருத்துவ வாரிய அறிக்கையைத்தான் பலர் தொலைத்திருக்கிறார்கள். எத்தனை சதவீத ஊனம், அது படைப்பணியால் நேர்ந்ததா, எத்தனை காலத்துக்கு என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

பெயர் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். நமக்கு இனிஷியல்; படையின் ஆவணங்களில் இனிஷியல் விரிந்து தந்தை பெயர் முன்னால் வந்திருக்கும். மனைவியின் பெயர், திருமணமான காலத்தில் யாரோ ஒரு எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதப்பட்டிருக்கும். ஆதாரில் இன்னொரு விதம். கணவர் உயிரோடு இருக்கும்வரை இது சிறு பிழையாகத் தெரியும். அவருக்குப் பின் குடும்ப ஓய்வூதியம் கேட்டுப் போகும் நாளில், "இந்தப் பெயரில் உள்ள பெண் நீங்கள்தான் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்பார்கள். அவர் கையெழுத்தோ கைரேகையோ வைக்க முடியும்போதே திருத்திவிடுங்கள். படையினரின் பென்ஷனை நிர்வகிக்கும் ஸ்பர்ஷ் இணையதளத்தில் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் எப்படிப் பதிவாகியிருக்கின்றன என்று இந்த வாரமே பாருங்கள். மகனையோ மகளையோ பக்கத்தில் வைத்துக்கொண்டாலும் சரி, கடவுச்சொல் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ஊன ஓய்வூதியம் எப்படிக் கணக்கிடப்படுகிறது? எங்களுக்குக் குறைவாக வருகிறதோ என்று சந்தேகமாக இருக்கிறது.

டிசபிலிட்டி பென்ஷன் என்று நாம் சொல்வதில் இரண்டு பகுதிகள் உண்டு. ஒன்று பணிக்காலத்துக்கானது, மற்றொன்று ஊனத்துக்கானது. ஊனம் படைப்பணியால் ஏற்பட்டதாகவோ, படைப்பணியால் மோசமானதாகவோ ஏற்கப்பட வேண்டும். அளவு 20 சதவீதமாவது இருக்க வேண்டும். 2016 ஜனவரி 1 முதல், 100 சதவீத ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஊனம் குறைந்தால் அதே விகிதத்தில் தொகையும் குறையும். போர்க்காயம் என்றால் கணக்கு வேறு, தொகையும் அதிகம்.

அடுத்து வருவதைக் கவனமாகப் படியுங்கள். சதவீதத்தை மேல்நோக்கி முழுமையாக்கும் விதி ஒன்று உண்டு. ஊனம் 50க்குக் கீழே இருந்தால் 50 ஆகவும், 50 முதல் 75 வரை இருந்தால் 75 ஆகவும், 76 முதல் 100 வரை இருந்தால் 100 ஆகவும் கொள்ள வேண்டும். முதலில் இது 1996க்குப் பிறகு ஊனத்தால் வெளியேற்றப்பட்டவர்களுக்கு மட்டும் வந்தது. பணிக்காலம் முடித்து ஊனத்தோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பர் 10 அன்று ராம் அவ்தார் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனாலும் பழைய சதவீதத்திலேயே பணம் பெற்றுக்கொண்டு பேசாமல் இருக்கும் குடும்பங்கள் உண்டு. கடைசிச் சம்பளம் 40,000 ரூபாய், ஊனம் 40 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முழுமையாக்காவிட்டால் ஊனப் பகுதி 4,800 ரூபாய். முழுமையாக்கினால் 6,000 ரூபாய். இரண்டின் மேலும் அகவிலை நிவாரணம் ஏறும். மாதம் 1,200 ரூபாய் என்பது ஒரு படுக்கை நோயாளியின் டயப்பர் செலவில் ஒரு பகுதி.

2023 செப்டம்பர் 21க்குப் பிறகு பணியிலிருந்து வந்தவர்களுக்குப் புதிய விதிகள். அவர்கள் மேலே சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், தங்கள் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நிரந்தர ஊனம் என்று முடிவானால் அது ஆயுளுக்கும் செல்லும். திரும்பத் திரும்ப மருத்துவ வாரியத்தின் முன் போய் நிற்க வேண்டியதில்லை. நிலைமை மோசமாகிவிட்டது என்று அவரே கேட்டால் மட்டும் மறு ஆய்வு நடக்கும்.

"படைப்பணியால் ஏற்பட்டதல்ல" என்று எழுதி மறுத்துவிட்டார்கள். இனி வழியில்லையா?

இருக்கிறது. முதலில் துறைக்குள்ளேயே மேல்முறையீடு. அதற்குப் பிறகு ஆயுதப்படைத் தீர்ப்பாயம். நமக்குச் சென்னை அமர்வு. 2013இல் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பணியில் சேரும்போது மருத்துவக் குறிப்பில் எந்த நோயும் எழுதப்படவில்லை என்றால், அவர் நல்ல உடல்நிலையோடுதான் சேர்ந்தார் என்று கொள்ள வேண்டும். பிறகு வந்த நோய்க்குப் பணி காரணமில்லை என்று நிரூபிப்பது துறையின் பொறுப்பு. மனநோய், ரத்த அழுத்தம், காக்காய் வலிப்பு என்று வெளியே அனுப்பப்பட்டவர்கள் பலருக்கு இந்தத் தீர்ப்பு கைகொடுத்திருக்கிறது.

தாமதிக்காதீர்கள். வழக்கு தொடுத்த நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டு நிலுவையை மட்டும் வழங்கிய தீர்ப்புகள் ஏராளம். வக்கீலுக்குப் பணம் இல்லை என்றால், உதகை நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவச சட்ட உதவி தர வேண்டும் என்று 1987ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

அக்கா, அவரை ஒரு நிமிடம்கூடத் தனியாக விட முடியவில்லை. கூட இருப்பதற்கு ஏதாவது பணம் தருவார்களா?

தருவார்கள். தொடர் கவனிப்புப் படி என்று ஒன்று இருக்கிறது. 100 சதவீத ஊனமுள்ளவருக்கு எப்போதும் துணை ஆள் வேண்டும் என்று மருத்துவ வாரியம் பரிந்துரைத்தால், பென்ஷனோடு சேர்ந்து இது வரும். 2017 ஜூலை 1 முதல் மாதம் 6,750 ரூபாய் என்று நிர்ணயித்தார்கள். நீங்கள் விண்ணப்பிக்கும் காலத்தில் நடப்பில் உள்ள தொகையைக் கேட்டுக்கொள்ளுங்கள். சம்பளத்துக்கு ஆள் வைத்தால்தான் தருவார்கள் என்று நினைத்து மூன்று ஆண்டுகள் கேட்காமலே இருந்தார் எனக்குத் தெரிந்த ஒரு பெண். கவனிப்பவர் மனைவியாக இருந்தாலும் கவனிப்பு கவனிப்புதான். இரவில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து புரட்டிப் படுக்க வைப்பவர் நீங்கள்.

பென்ஷன் ஆணையில் இந்தப் படி தனி வரியாக இருக்கும். உங்கள் ஆணையில் அந்த வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை, ஆனால் அவர் நிலை அப்படித்தான் இருக்கிறது என்றால், மறு ஆய்வு வாரியம் கேட்டு ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு எழுதுங்கள். வாரியத்தின் முன்னால் போகும்போது அவருடைய ஒரு நாளை மணிவாரியாக எழுதி எடுத்துச் செல்லுங்கள். குளிப்பாட்டுவது, உணவூட்டுவது, கதீட்டர் (சிறுநீர்க் குழாய்) மாற்றுவது, புரட்டுவது என்று எல்லாம். டாக்டர்கள் முன்னால் நம் ஆண்கள் "நான் நன்றாகத்தான் இருக்கிறேன் சார்" என்று நிமிர்ந்து சொல்லிவிடுவார்கள். அவர்களைப் பழக்கியது அப்படி. நீங்கள் காகிதத்தை நீட்டுங்கள்.

என் கணவருக்குப் பென்ஷனே இல்லை. குறைந்த காலப் பணியோடு வெளியே வந்துவிட்டார். எங்களுக்கு ஒன்றுமே இல்லையா?

ஹவில்தார் பதவி வரை இருந்து, பென்ஷன் பெறாதவர், 65 வயதைக் கடந்தவர் என்றால் மத்திய சைனிக் வாரியத்தின் வறுமை உதவித்தொகைக்கு விண்ணப்பிக்கலாம். விதவைகளுக்கும் உண்டு. மாதம் 4,000 ரூபாயாக இருந்ததை 2025 நவம்பர் 1 முதல் வரும் விண்ணப்பங்களுக்கு 8,000 ரூபாயாக உயர்த்தியிருக்கிறார்கள். பிள்ளைகளின் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாயாக இருந்தது 2,000 ஆகவும், மகள் திருமணத்துக்கு 50,000 ரூபாயாக இருந்தது ஒரு லட்சமாகவும் உயர்ந்திருக்கின்றன. விண்ணப்பம் வாரியத்தின் இணையதளத்தில். சரிபார்ப்பு உதகை அலுவலகத்தில்.

மாநில அரசிடம் என்ன கேட்கலாம்?

பக்கவாதம், புற்றுநோய், பார்வையிழப்பு போன்றவற்றால் பாதிக்கப்பட்ட முன்னாள் படைவீரர்களுக்குக் கொடிநாள் நிதியின் கீழ் மாத உதவி உண்டு. முன்னாள் படைவீரர் நல அலுவலகத்திலேயே கேளுங்கள்.

இரண்டாவது வழியை நம்மவர்கள் மறந்துவிடுகிறார்கள். உங்கள் கணவர் முன்னாள் படைவீரர் மட்டுமல்லர், மாற்றுத்திறனாளியும்கூட. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். படையின் மருத்துவ வாரியம் கொடுத்த சதவீதம் இங்கே தானாகச் செல்லாது. அரசு மருத்துவர்கள் பார்த்துத் தனியாகச் சான்று தர வேண்டும். கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை இந்த அலுவலகம் வழியாக வருகிறது. முதுகுத்தண்டு அடிபட்டவர்களுக்கு மின்கலத்தில் ஓடும் சக்கர நாற்காலியும் தருகிறார்கள். பென்ஷன் வாங்குபவருக்கு எது பொருந்தும், எது பொருந்தாது என்பதை அங்கேயே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வாய்மொழி மறுப்பை ஏற்றுக்கொண்டு திரும்பி வராதீர்கள்.

ஒரே காரியத்துக்கு நான்கு முறை உதகை ஏறி இறங்க வேண்டிவந்தால், மாவட்ட ஆட்சியர் நடத்தும் முன்னாள் படைவீரர் குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுங்கள். அங்கே கொடுத்த மனுவுக்கு எண் கிடைக்கும்.

ஈ.சி.எச்.எஸ். இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறையும் கோவைக்கு இறங்க வேண்டியிருக்கிறதே?

மலையில் இருப்பவர்களுக்கு இது உண்மையான கஷ்டம். பெரிய சிகிச்சைக்குப் பாலிகிளினிக்கில் பரிந்துரைக் கடிதம் வாங்கிக்கொண்டு கோவையில் உள்ள அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனைக்குத்தான் போகிறோம். பர்லியாறு வழியாக வளைவுகளில் இறங்கும்போது முதுகு நோயாளி படும் பாடு எனக்குத் தெரியும். எல்லாவற்றுக்கும் இறங்க வேண்டியதில்லை. 2021 மே மாதம் தொடங்கிய சேஹத் என்ற இணையவழி ஆலோசனையில், வீட்டிலிருந்தே படை டாக்டரிடம் வீடியோவில் பேசலாம். சளி, தோல் பிரச்சினை, மருந்து அளவு மாற்றுவது போன்றவற்றுக்கு அது போதும்.

அவசரம் என்றால் பரிந்துரைக் கடிதத்துக்குக் காத்திருக்காதீர்கள். அருகில் எந்த மருத்துவமனை இருக்கிறதோ அங்கே சேருங்கள்; 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தெரிவியுங்கள். தெரிவித்த நேரத்தையும் யாரிடம் சொன்னீர்கள் என்பதையும் குறித்து வையுங்கள். மேல்நிலை மருத்துவத்துக்கு உதகையிலும் இப்போது வழி இருக்கிறது. 700 படுக்கைகளோடு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2025 ஏப்ரலில் திறக்கப்பட்டது. குன்னூரில் லாலி அரசு மருத்துவமனை உண்டு.

பாலிகிளினிக்கில் மருந்து இல்லை என்றால் சீட்டில் என்.ஏ., அதாவது மருந்து இருப்பில் இல்லை என்ற முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். அது இல்லாமல் வெளியே வாங்கிய மருந்துக்குப் பணம் திரும்பக் கிடைப்பது கடினம். சக்கர நாற்காலி, ஆக்சிஜன் கருவி போன்றவற்றைச் சிறப்பு மருத்துவர் பரிந்துரையும் முன் அனுமதியும் பெற்ற பிறகே வாங்குங்கள். வாங்கிவிட்டுப் பில்லோடு போய் நின்று நான் பட்டது போதும்.

வீட்டுக்கே வந்து பார்க்கும் நர்ஸ், பிசியோதெரபி எல்லாம் இந்த மலையில் கிடைக்குமா?

கிடைக்கும், அதுவும் இலவசமாக. மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது. சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரை கொண்டுவந்து கொடுப்பதாகத்தான் பலருக்கு இதைத் தெரியும். படுக்கையில் இருப்பவர்களுக்கு வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சை தரும் நர்ஸும், இயன்முறை சிகிச்சையாளரும் இதே திட்டத்தில் வீட்டுக்கு வருகிறார்கள். உங்கள் பகுதியின் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், படுக்கை நோயாளி ஒருவர் இருக்கிறார், பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லுங்கள். "அவர்கள் மிலிட்டரி ஆட்கள், அவர்களுக்கு எம்.எச். (ராணுவ மருத்துவமனை) இருக்கிறது" என்று கிராமத்தில் நினைத்துக்கொள்வார்கள். அதனால் நம் வீட்டைத் தாண்டிப் போய்விடுவார்கள். எங்கள் வீட்டுக்கு முதல் முறையாக அந்த நர்ஸ் வந்தது, நானே போய்ச் சொன்ன பிறகுதான். காயத்துக்குக் கட்டுப் போடும் சரியான முறையை எனக்குக் கற்றுத் தந்தவர் அவர்.

ஹோம் நர்ஸ் வைக்கலாமா? எதைப் பார்த்து வைப்பது?

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது: ஹோம் நர்ஸ் என்று ஏஜென்சி அனுப்பும் பெண்களில் பலர் நர்சிங் படித்தவர்கள் அல்லர். குளிப்பாட்டுவதற்கும் உணவூட்டுவதற்கும் அவர்கள் போதும். கதீட்டர் போடுவது, ஊசி போடுவது என்றால் படிப்புச் சான்றைக் கேளுங்கள்.

நான் ஏமாந்ததைச் சொல்கிறேன். சமவெளியில் உள்ள ஓர் ஏஜென்சிக்கு இரண்டு மாதப் பணத்தை முன்பணமாகக் கட்டினேன். வந்த பெண் டிசம்பர் குளிரில் ஒன்பதாவது நாள் அழுதுகொண்டே ஊருக்குப் போய்விட்டாள். அவள் மேல் எனக்குக் கோபமில்லை. ஒரு போர்வையோடு அவளை அனுப்பி வைத்திருந்தார்கள். பணம் திரும்ப வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் முன்பணம் கொடுக்காதீர்கள். மாற்று ஆள் எத்தனை நாளில் வருவார் என்பதை எழுதி வாங்குங்கள். கம்பளி, வெந்நீர், தனியாகப் படுக்க இடம் ஆகியவற்றை நீங்கள் தயாராக வையுங்கள்.

அதற்குப் பிறகு நான் கண்டுகொண்டது, உள்ளூர் ஆள்தான் நிற்பார். குளிருக்கும் படிகளுக்கும் பழகியவர். வெலிங்டன், அருவங்காடு பக்கம் ராணுவ மருத்துவப் பிரிவில் நர்சிங் அசிஸ்டன்டாக இருந்து ஓய்வு பெற்றவர்கள் குடியிருக்கலாம், விசாரித்துப் பாருங்கள். காலையில் இரண்டு மணி நேரம் வந்து தூக்கிக் குளிப்பாட்டிவிட்டுப் போகும் ஒரு ஆண் உதவியாளர், நாள் முழுதும் இருக்கும் ஆளைவிடச் சில வீடுகளுக்குப் பொருத்தம். நம் இடுப்பு உடைவது அந்த இரண்டு மணி நேரத்தில்தான். யாராக இருந்தாலும் ஆதார் நகலை வாங்கிக் காவல் நிலையத்தில் சொல்லி வையுங்கள்.

மலைக்குளிரில் படுக்கை நோயாளியை எப்படிப் பார்த்துக்கொள்வது?

உணர்ச்சியில்லாத காலில் வெந்நீர்ப் பை வைக்கவே வைக்காதீர்கள். குளிர்கிறதே என்ற பாசத்தில் வைப்போம், அவருக்குச் சுடுவது தெரியாது, காலையில் கொப்புளம். ஆறுவதற்கு மாதக்கணக்காகும். ஹீட்டரையும் காலுக்கு அருகில் வைக்கக் கூடாது. படுக்கையை முன்னதாகச் சூடாக்கிவிட்டு, பையை எடுத்துவிட்டு, பிறகு படுக்க வையுங்கள். கம்பளிக் காலுறை இறுக்கமாக இருக்கக் கூடாது.

கரி அடுப்பை மூடிய அறைக்குள் வைக்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது; தூக்கத்திலேயே உயிர் போகும். எழுந்து ஓட முடியாதவர் இருக்கும் வீட்டில் இது இரட்டிப்பு ஆபத்து.

படுக்கைப் புண்ணுக்கு மருந்தைவிடப் புரட்டுவதுதான் காவல். படுக்கையில் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டுங்கள். சக்கர நாற்காலியில் கால் மணி நேரத்துக்கு ஒருமுறையாவது எடையை மாற்றி உட்கார வையுங்கள். பிட்டம், இடுப்பெலும்பு, குதிகால் ஆகிய இடங்களைத் தினமும் வெளிச்சத்தில் பாருங்கள். அழுத்தினால் மறையாத சிவப்போ கருமையோ தெரிந்தால் புண் தொடங்கிவிட்டது. அந்தப் பக்கம் படுக்க வைக்கவே கூடாது. மழைக்காலத்தில் விரிப்பு காயாது. ஈரம் ஏறிய விரிப்பும் தோலைப் புண்ணாக்கும். ஆறு விரிப்பாவது கைவசம் வையுங்கள்.

மார்பு மட்டத்திலோ அதற்கு மேலோ தண்டு அடிபட்டவர்களுக்கு இன்னொரு ஆபத்து உண்டு. கதீட்டர் மடங்கிச் சிறுநீர் தங்கினாலோ, மலம் இறுகினாலோ திடீரென்று ரத்த அழுத்தம் எகிறும். தலை வெடிப்பது போன்ற வலி, முகம் சிவப்பது, நெற்றியில் வியர்வை ஆகியவை அடையாளம். உடனே நிமிர்த்தி உட்கார வையுங்கள், இறுக்கமான உடையைத் தளர்த்துங்கள், கதீட்டர் குழாயைச் சரிசெய்யுங்கள், 108ஐ அழையுங்கள். இதை வீட்டில் உள்ள எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

வடகிழக்குப் பருவமழையில் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் மண் சரிந்து பாதை அடைபடும். கூடலூர், பந்தலூருக்குத் தென்மேற்குப் பருவம். அதற்கு முன்பே ஒரு மாத மருந்து, கதீட்டர், டயப்பர் வீட்டில் இருக்கட்டும்.

எங்கள் வீட்டுக்கு ரோடே கிடையாது. நாற்பது படி இறங்க வேண்டும்.

நீலகிரியில் பாதி வீடுகள் அப்படித்தான். ஆம்புலன்ஸ் நிற்கும் இடம் எது, அங்கே வரை தூக்கிச் செல்ல வரும் நான்கு பேர் யார் என்று இப்போதே முடிவு செய்து, அவர்கள் எண்களைச் சுவரில் எழுதுங்கள். கைப்பிடி வைத்த உறுதியான நாற்காலி ஒன்று வேண்டும். முடிந்தால் ரோட்டோரம் வாடகைக்கு மாறுங்கள். சொந்த வீட்டை விட்டுப் போவதா என்று நானும் ஒரு ஆண்டு அழுதேன். மாறிய பிறகு அவர் வாரத்துக்கு மூன்று நாள் வெயிலில் உட்காருகிறார்.

ஒவ்வொரு ஆண்டும் உயிர்வாழ் சான்றுக்கு அவரைத் தூக்கிக்கொண்டு போக வேண்டுமா?

வேண்டாம். பெரும்பாலோருக்கு நவம்பரில் கொடுக்க வேண்டியது இது. கைப்பேசியில் முகத்தைக் காட்டியே ஜீவன் பிரமான் என்ற மின்னணு உயிர்வாழ் சான்றைப் பதிவு செய்யலாம். இல்லையென்றால் தபால்காரரிடம் சொல்லுங்கள். 70 ரூபாய் கட்டணத்தில் வீட்டுக்கே வந்து பதிவு செய்வார். பதிவு ஸ்பர்ஷில் ஏறிவிட்டதா என்று ஒரு வாரம் கழித்துப் பாருங்கள்.

அவர் இரவில் கத்துகிறார், பொருள்களை வீசுகிறார். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

வெட்கப்பட ஒன்றுமில்லை. அதுவும் காயம்தான், எலும்பு முறிவைப் போலச் சிகிச்சை உள்ள காயம். பாலிகிளினிக்கில் மனநல மருத்துவருக்குப் பரிந்துரை கேளுங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் இரவிலும் தமிழில் பேசலாம். நீங்களும் உங்களுக்காகப் பேசலாம். கேன்டீன் மது வீட்டில் பிரச்சினையாக இருந்தால் அதையும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் தூக்க மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சு நின்றுபோகலாம். அடிக்கிறார் என்றால் பொறுத்துக்கொள்ளச் சொல்லி நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன். 181 பெண்கள் உதவி எண்.

அவருக்குப் பிறகு எனக்கு என்ன கிடைக்கும்? கேட்கவே வாய் வரவில்லை.

கேட்க வேண்டிய கேள்விதான். சாதாரணக் குடும்ப ஓய்வூதியம் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம். ஓய்வு பெற்றவர் இறந்தால் முதல் ஏழு ஆண்டுகளுக்கு, அல்லது அவருக்கு 67 வயது ஆகியிருக்கும் நாள் வரை, எது முன்னதோ அதுவரை 50 சதவீதம். படைப்பணியால் நேர்ந்ததாக ஏற்கப்பட்ட ஊனமே மரணத்துக்குக் காரணமானால், 60 சதவீதத்தில் சிறப்புக் குடும்ப ஓய்வூதியம் கோரலாம். வேறுபாடு இரண்டு மடங்கு. ஆகவே இறப்புக் காரணச் சான்றில் டாக்டர் என்ன எழுதுகிறார் என்பது முக்கியம். முதுகுத்தண்டுக் காயம், அதனால் வந்த சிறுநீர்த் தொற்று, அதனால் கெட்ட சிறுநீரகம் என்ற தொடர்ச்சி உண்மையாக இருந்தால், அது சான்றில் முழுமையாக இருக்க வேண்டும். வெறும் "மாரடைப்பு" என்று எழுதிவிட்டால், அந்தத் தொடர்ச்சியைப் பின்னால் நிரூபிக்க ஆண்டுகள் ஆகும். பழைய மருத்துவச் சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

வங்கிக் கணக்கை இருவர் பெயரிலும் மாற்றுங்கள். உங்கள் பெயரில் மட்டும் ஒரு கணக்கும் இருக்கட்டும்.

அக்கா, இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வர முடியுமா? இப்படிக் கேட்பதே தப்போ?

தப்பில்லை. ஆறாவது ஆண்டில்தான் நான் முதல் முறை போனேன், கோபிக்கு, என் தங்கை வளைகாப்புக்கு. என் கணவரின் தம்பியை ஒரு வாரம் முன்பே வரவழைத்து, புரட்டுவது, கதீட்டர் பையைக் காலி செய்வது எல்லாவற்றையும் என் கண் முன்னாலேயே செய்ய வைத்தேன். மணிவாரியாக எழுதி அலமாரிக் கதவில் ஒட்டினேன். பாலிகிளினிக்கின் எண், 108, பக்கத்து வீட்டு ஆட்டோக்காரர் எண் அதன் கீழே. வீட்டில் ஆள் இல்லாதவர்கள், அவருக்குப் பரிசோதனையோ சிகிச்சையோ செய்ய மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நாள்களோடு சேர்த்து, ஒரு உதவியாளரை அங்கே துணைக்கு வைத்துவிட்டுப் போகலாம். வார்டு சிஸ்டரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

முதல் இரவு நான்கு முறை போன் செய்தேன். நான்காவது முறை அவரே எடுத்து, "எல்லாம் நேரத்துக்கு நடக்கிறது, நீ தூங்கு" என்றார். காலை ஏழு மணி வரை தூங்கினேன்.